ஆண்ட்ரூஸின் கல்யாணமும் அழித்தெழுதும் கேசட்டும்

இயேசு மரி சூசை

வரதராசன்பேட்டை,
தவக்காலம், மூன்றாம் வாரம்.

அன்புள்ள மாப்பிள்ளை செபஸ்டின் அவர்களுக்கு,

மாமா சவரியார் எழுதுவது. அடைக்கல மாதாவின் காவலில் நானும் உங்கள் அத்தை மரிய புஷ்பமும் சுகம். குவைத்தில் நீங்களும் சோபியாவும் அதே காவலில்தான் இருப்பீர்கள். அந்தக் காவலுக்கு விசா தேவையில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று திகைக்க வேண்டாம். வீட்டிலுள்ள ஒரே நல்ல போன் அத்தையிடம் இருக்கிறது. யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டு, காய் நறுக்கிக்கொண்டேதான் கேட்பாள். இது அவள் அரிவாள்மனையோடு கேட்கத் தகாத செய்தி. விடுப்பு முடிந்து வெள்ளிக்கிழமை குவைத் திரும்பும் அப்துல் சலாமிடம் கொடுத்தனுப்புகிறேன்.

சோபியா கல்யாணமாகிப் போனபோது விட்டுச்சென்ற கையடக்க விளையாட்டுப் பெட்டியில் அத்தை விவசாயம் பார்த்துவருவது நீங்கள் அறிந்ததே. ஆண்ட்ரூஸ் என்று அவள் பெயரிட்ட வாலிபன் அந்தத் திரைக்குள் உழுது, விதைத்து, மாடு வாங்கி, மில்லுக்காரர் மகளுக்குத் தினமும் பூ கொண்டுபோய்க் கொடுத்து, ஒருவழியாகக் கல்யாணத்துக்குச் சம்மதம் வாங்கியிருந்தான். நமக்கு ஆண்பிள்ளை இல்லாததால், மாப்பிள்ளை வீட்டாராக நிற்கும் பாக்கியம் அவளுக்கு இந்தப் பெட்டியில்தான் வாய்த்தது. அதில் ஒரு துளியையும் அவள் வீணாக்கவில்லை. பெண்ணுக்கு ஆனி ரோஸ் என்று பெயர் சூட்டினாள். கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பது போலவே மூன்று வாரமும் தெருவின் அன்பிய ஜெபக்கூட்டம் முடிந்ததும் எழுந்து நின்று, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று அறிவித்தாள். யாரும் தெரிவிக்கவில்லை. அதற்குள் சாம்பல் புதன் வந்து தவக்காலம் தொடங்கிவிட்டது. தவக்காலத்தில் கல்யாணம் ஆகாது. ஆகவே ஈஸ்டருக்கு மறுநாள் என்று நாள் குறித்து, தெருவையே அழைத்து, பிரியாணிக்கு ஆள்வரை சொல்லியாகிவிட்டது. அதோடு, ஈஸ்டர் வரை பெட்டியைத் தொடுவதில்லை என்பதையே இவ்வாண்டு ஒறுத்தலாக நேர்ந்துகொண்டாள். விளையாட்டு இருக்கும் பழைய கேசட்டுக்குள் ஆண்ட்ரூசை நினைவில் வைத்திருக்கும் பேட்டரி சாகக் கிடக்கிறது, அது போனால் அவனும் போய்விடுவான், வேண்டியதை அழித்தெழுதும் புதுக் கேசட்டுக்கு அவனைக் குடிமாற்ற வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்கள் அல்லவா, அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"பத்தரமா மாத்தி வைங்க. ஈஸ்டருக்கு நான் தொறக்கறப்ப புள்ள கொறயில்லாம நிக்கணும்" என்றாள்.

சலாமிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய புதுக் கேசட்டை வாங்க அவன் ஊரான லப்பைக்குடிகாடு போனேன். சலாமின் மனைவி சாகிரா நல்ல தேநீர் தந்தார். சலாம் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். "ஏர்போர்ட்ல இது என்னன்னு கேட்டாங்க சார். வெளையாட்டு சாமான்னேன். எந்தக் கொழந்தைக்குன்னாங்க. அறுவது வயசு அம்மாவுக்குன்னேன். தனியா உக்கார வெச்சுட்டாங்க" என்றான். அத்தை விளையாடுவது உண்மை என்று ஊருக்குள் சாட்சி சொல்ல நான் இருக்கிறேன். அங்கே அவனுக்கு யார் இருந்தார்கள்?

வீட்டுக்கு வந்து, சோபியாவின் பழைய லேப்டாப்பைத் திறந்து, நீங்கள் எழுதியிருந்தபடியே பழைய கேசட்டிலிருந்து விளையாட்டை ஒரு ஃபைலாகவும், ஆண்ட்ரூசின் வாழ்க்கையை இன்னொரு ஃபைலாகவும் மெமரி கார்டில் இறக்கினேன். இதுவரை பிழையில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் இருக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு இடித்தது. நான் தமிழ் நடத்திய வகுப்புகளில் ஆரோக்கியசாமிகள் நால்வருக்குக் குறைந்ததில்லை. ஒருவன் எறிந்த கல்லுக்கு இன்னொருவன் அடி வாங்காதிருக்க, நெட்டை, குட்டை, கீழத்தெரு, மேலத்தெரு என்று அடைமொழி கொடுத்தே என் பணிக்காலம் கழிந்தது. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு பேரை வைக்கச் சொல்வது உங்கள் கைத்தவறு என்று முடிவுசெய்து, விளையாட்டுக்கு 'உழவு' என்றும், ஆண்ட்ரூசுக்கு 'உழவன்' என்றும் நல்ல தமிழில் பெயரிட்டேன். கார்டைப் புதுக் கேசட்டில் செருகிப் பெட்டியில் போட்டேன். கேசட்டுக்குத் தமிழ் வராதாம். வெறும் கட்டங்களாகக் காட்டியது. கட்டத்தை அழுத்தினேன். திறந்தது. ஆண்ட்ரூஸ் இல்லை. மாடு இல்லை, கொட்டில் இல்லை, கல்லும் முள்ளுமாய் ஒரு தரிசு, அதன் நடுவே உன் பெயர் என்ன என்று ஒரு கேள்வி. பதறிப்போய்ப் பழைய கேசட்டைச் செருகினேன். அதன் பேட்டரி அந்த வேளை பார்த்துத்தான் கண்ணை மூடியிருக்கிறது, அதிலும் அதே தரிசு. திரும்பவும் புதுக் கேசட்டைப் போட்டு, இதிலிருந்து எப்படியாவது வெளியே போய்விடலாம் என்று ஏ என்ற பொத்தானை நாலு தடவை அழுத்தினேன். ஏஏஏஏ என்று ஒருவன் பிறந்துவிட்டான்.

இனி ஒரே வழிதான். ஈஸ்டருக்குள் இந்த ஏஏஏஏவை ஆண்ட்ரூஸ் அளவுக்கு ஆளாக்கி, ஜாடையை அத்தை கவனிக்காதபடி மணவறையில் நிறுத்திவிட வேண்டும். தினமும் பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு நம் முந்திரித் தோப்பு மோட்டார் கொட்டகைக்குப் போகிறேன். தோப்பில் அப்படி என்ன வேலை என்று அத்தை கேட்டாள். களை எடுக்கிறேன் என்றேன். பொய்யில்லை, எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். நிசத் தோப்பில் புல் முழங்காலுக்கு நிற்கிறது. நம் ஆள் கொளஞ்சி அதைப் பாத்துட்டு, ஏன் சார், இந்தத் தவக்காலத்துல புல்லு புடுங்கக்கூடாதுன்னு எதுவும் இருக்குதான்னு வேற கேட்டுட்டுப் போறாரு. அது போகட்டும். பெண் சம்மதிப்பதுதான் பெரும்பாடு. ஏஏஏஏ ஆசையாய் ஒரு மீனைக் கொண்டுபோய்க் கொடுத்தான், அவள் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. கல்லைக் கொடுத்தான், அதுக்கும் அப்படித்தான். பெண்ணிடம் பேசிப் பழகும் வழி எனக்கு எங்கே தெரியும்? உங்கள் அத்தையைப் பெரியவர்கள் பார்த்து வைத்தார்கள். நான் ஒரு பூக்கூடக் கொடுத்தது கிடையாது. நேற்றுத்தான் முட்டை கொடுத்தால் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. இன்றைக்கு அவனது முதல் பசு கன்று போட்டிருக்கிறது. இருந்தாலும் இந்த வேகத்தில் ஈஸ்டருக்குள் கல்யாணம் நடக்காது.

ஆகவே ஆண்ட்ரூசை மீட்க வழியிருந்தால், என் பெயருக்குக் கடிதமாகவே எழுதவும். தபால்காரர் தங்கசாமியிடம், அதை என் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவன் மீண்டதும், இந்தக் கல்யாணத்தை முடித்துக்கொடுத்துவிட்டு, பெட்டி, கேசட் எல்லாவற்றையும் உங்களிடமே திருப்பி அனுப்பிவிடுவேன். இந்த வயதில் எனக்கு இந்தப் பயிர்த்தொழில் ஆகாது.

சோபியாவுக்கும் உங்களுக்கும் நெற்றியில் சிலுவையிட்டு ஆசீர் அளிக்கிறேன்.

உங்கள் மாமா,
ம. சவரியார்,
தமிழாசிரியர் (ஓய்வு)

பி.கு.: உறையை ஒட்டும் முன் அத்தை சோற்றுத் தூக்குடன் கொட்டகைக்கு வந்துவிட்டாள். என் கையில் பெட்டி இருந்தது. "நான் ஆண்டவருக்காகத் தொடாம கெடக்கறேன். நீங்க இங்க ஒக்காந்து முட்ட குடுத்துக்கிட்டு இருக்கீங்க" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. மாப்பிள்ளை ஒரே பேரு வைக்கச் சொன்னா ஒரே பேரு வைக்க வேண்டியதுதானே என்று கேட்டு, என்னை வீட்டுக்கு நடத்திவந்து லேப்டாப்பின் முன் உட்கார வைத்தாள். 'உழவன்' மெமரி கார்டில் சேதமில்லாமல் இருக்கிறான். அவனுக்கு 'உழவு' என்று பெயர் மாற்றப்போனால், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவன் இருக்கிறான், அவனை அழித்துவிட்டு எழுதவா என்று கணினி கேட்கிறது. அந்த ஒருவன் ஏஏஏஏ; விளையாட்டின் பெயரிலேயே அவன் வாழ்க்கையைக் கேசட் தானாக எழுதி வைத்திருக்கிறது.

"அழுத்துங்க" என்றாள்.

மாப்பிள்ளை, கன்று பிறந்து இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை. செபஸ்டினைக் கேட்காமல் அழுத்தினால் கேசட் வெடித்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் போனில் உங்களைக் கேட்பாள்; அதற்குள் சலாம் உங்களைப் பார்த்துவிடுவான். பெட்டியை நான் திருப்பி அனுப்புவதாக இல்லை. ஏஏஏஏவைக் குடிவைக்க இன்னொரு கேசட் அவசரமாகத் தேவை. அத்தை கேட்டால், ஆமாம் அத்தை, வெடிக்கும் என்று சொல்லவும்.