ஆறு சிவப்பு வயர்கள்

பகல் கனவு காண்கிறவர்கள் கையில் கத்தரிக்கோலைக் கொடுக்கக் கூடாது. ஊருக்கு உபதேசம் இல்லை, என் சொந்த அனுபவம்.

கல்யாணமாகி நான்கு மாதம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் பிரிவில் தோல் வெட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் குமாரிடம் ஒரு பழைய லாரி இருந்தது. (எனக்கு முன்பே அவர் வாழ்க்கைக்குள் வந்துவிட்டதால் அதை மூத்தாள் என்பேன்.) ராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் ஷெட் முதலாளி, அன்று நான்கு மணிக்குள் லாரியைக் கொண்டுவந்து காட்டினால் தினமும் லோடு தருவதாகச் சொல்லியிருந்தார். அன்று காலையில் பார்த்து லாரி ஸ்டார்ட் ஆகவில்லை.

மெக்கானிக் சலீம் பாய் குனிந்து பார்த்தார். எஞ்சினுக்குப் போகும் ஆறு வயர்களை இணைக்கிற பிளாஸ்டிக் கப்ளர் சூட்டில் உருகிப்போயிருந்தது.

"பழைய மாடலு. வேலூர்லதான் தேடணும். சாம்பிள் காட்னாதான் குடுப்பான். டீ குடிச்சிட்டு வந்து கயட்டித் தர்றேன்" என்று குமாரையும் கூட்டிக்கொண்டு போனார்.

சாம்பிளா? அது என் தொழில் அல்லவா! எங்கள் பிரிவில் சாம்பிளில் ஒரு நூல் தொங்கினாலும் சூப்பர்வைசர் தூக்கி எறிவார். அதனால் கப்ளரின் இரண்டு பக்கமும் வயரே தெரியாமல் ஒட்ட வெட்டினேன். லாரிப் பக்கம் தொங்கிய முனைகளையும் ஒரே அளவாக நறுக்கிவிட்டேன். பார்க்க அவ்வளவு அழகு. "வேலூருக்குப் போறேங்க" என்று குமாருக்குப் போன் செய்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஜன்னலோர சீட். தண்ணீரில்லாத பாலாறு கூடவே வந்தது. அந்த வெள்ளை மணலைப் பார்த்தபடி தினமும் லோடு அடித்தேன், இரண்டாவது லாரி வாங்கினேன், முன்கண்ணாடி மேல் என் பெயரை எழுதவைத்தேன். மூன்றாவது லாரிக்குப் பிறக்காத மகளின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தபோது கண்டக்டர் தட்டினார். பஸ் காலியாக இருந்தது.

வேலூரில் மூன்று ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஏறி இறங்கினேன். மூன்றாவது கடைக்காரர், "இதுல வயரு இன்னா கலருமா?" என்றார்.

"கப்ளர் கறுப்புங்க" என்றேன், மிகுந்த விவரத்தோடு. அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுக் காயலான் கடைக்கு வழி சொன்னார். அங்கே ஒரு செத்த எஞ்சினிலிருந்து அதே கப்ளரைக் கழற்றிக் கொடுத்தார்கள். கோட்டையைப் பிடித்தவள் மாதிரி பன்னிரண்டு மணிக்கு வீடு திரும்பினேன்.

பாய் லாரிக்கு முன்னால் நின்றிருந்தார். "யாரு வெட்னது?"

"நான்தான் பாய்." (பெருமையோடு.)

"ஆறும் செவப்பும்மா. எது எந்த ஓட்டைல இருந்துச்சின்னு இப்ப எந்த சாமிய கேக்கறது?"

லாரியை முன்பு வைத்திருந்தவர் எல்லாவற்றையும் ஒரே சிவப்பு வயரால் மாற்றியிருந்தாராம். குமார் போய் ஸ்டெப்னி டயர்மேல் உட்கார்ந்தார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாய் வயர்களை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றே முக்காலுக்கு எஞ்சின் உறுமியது. ஆனால் சாவியைத் திருப்பி அணைத்தாலும் அது அணையவில்லை.

"போய்ட்டு வா, அப்பால பாத்துக்கலாம்" என்றார் பாய். நானும் ஏறிக்கொண்டேன். நிற்காத எஞ்சின் நல்ல சகுனம்தானே என்று வழியெல்லாம் மறுபடியும் கனவு.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஷெட் கேட்டில் நின்றோம். வாட்ச்மேன் கை காட்டினார்.

"எஞ்சின ஆஃப் பண்ணு. வண்டிய செக் பண்ணணும். உள்ள தின்னரு இருக்குது, பொறி பட்டா பத்திக்கும். ஆஃப் பண்ணாம கேட்டு தொறக்க மாட்டேன்."

குமார் சாவியை உருவி உயர்த்திக் காட்டினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாய்யா, விளையாடறியா?"

வேறு வழியில்லாமல், எஞ்சினைத் திணறடித்து நிறுத்த, குமார் கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்து, கிளச்சை விட்டார். லாரி ஒரு துள்ளு துள்ளி, கேட்டை இடித்துவிட்டு அடங்கியது. பிறகு என்ன செய்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. படிக்கட்டில் நின்ற முதலாளி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு உள்ளே போனார். லோடு வேறொரு லாரிக்குப் போனது.

ரோட்டோரம் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதேன். "என்னாலதாங்க எல்லாம் போச்சு."

குமார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சாவிய காட்னப்ப வாட்ச்மேன் மூஞ்ச பாத்தியா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அழுகையோடு நானும் சிரித்தேன். இந்த மனிதரோடு காலம் தள்ளிவிடலாம் என்று அந்த இடத்தில்தான் எனக்குத் தோன்றியது.

எட்டு வருடம் ஆகிறது. அந்த லோடு எங்களுக்குக் கடைசிவரை கிடைக்கவேயில்லை. ஆனால் விசேஷ வீடுகளில் நான் மூச்சு விடாமல் பேச ஆரம்பித்தால், என் ஆறு வயது மகள் எதிரே வந்து நிற்கிறாள். இல்லாத கியரைப் போட்டு, இல்லாத கிளச்சை விட்டு, ஒரே ஒரு துள்ளு துள்ளுவாள்.

கூட்டமே சிரிக்கும். நான் அடங்கிவிடுவேன், மறுபடி ஸ்டார்ட் ஆக அரை மணி நேரம் பிடிக்கும்.