இரண்டு அளவில் வெட்டிய அவியல்

ஐம்பத்து நான்கு வயதில், மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு, ஒரு சமையல்காரர்மேல் பொறாமைப்பட்டவன் நான். அவருடைய கைப்பக்குவத்தைப் பார்த்து அல்ல. எங்கள் தெருவில் அவருக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து.

சட்டுவத்தைத் தெரியாத கல்யாண வீடு நாகர்கோவிலில் கிடையாது. சொந்தப் பெயர் அவருக்கே நினைவிருக்குமா என்பது சந்தேகம். கையை விட்டு இறங்காத நீள இரும்புக் கரண்டியின் பெயரே ஆளுக்கும் நிலைத்துவிட்டது. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இருவரை ஒரே நாளில் அவரவர் வாசலில் நின்று திட்டிவிட்டு, இரண்டு வீட்டிலும் காப்பி குடித்துத் திரும்பக்கூடிய மனிதர், கோட்டாற்றிலிருந்து மார்த்தாண்டம் வரை, அவர் ஒருவர்தான்.

எங்கள் தெருவில் அது லேசான காரியம் இல்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பாலையா அண்ணனும், குவைத்திலிருந்து திரும்பிய செல்லத்துரையும் ஒரே ஸ்கூட்டரில் மீன் வாங்கப் போனவர்கள். தேர்தல் வந்தது. தெரு வாட்ஸப் குழுவில் ஒருவர் ஒரு வீடியோவை அனுப்பினார். அது பொய் என்று நிரூபிக்க மற்றவர் இன்னொரு பொய்யை அனுப்பினார். ஒரு மாதத்தில் குழு இரண்டானது. பிறகு பால்காரர் இரண்டானார். காலை நடைக்குப் போகும் நேரமும் இரண்டானது. செல்லத்துரை வீட்டு நாயைப் பார்த்தால் பாலையா அண்ணன் வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. அதற்கு யார் வீடியோ அனுப்பினார்களோ தெரியாது.

நான் நடுநிலை. நான் பத்தி எழுதும் பத்திரிகையில் இரண்டு பக்கத்தையும் சமமாகப் பாராட்டி எழுதினேன். இரண்டு குழுவும் என்னைச் சமமாக வெளியேற்றின. நான் அடுத்த தரப்பின் ஒற்றன் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. செய்தித்தாளை வடையில் எண்ணெய் பிழியத் தவிர வேறெதற்கும் தொடாத சட்டுவமோ இரண்டு குழுவிலும் உறுப்பினர். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகை ஒரு மரியாதைக்குத்தான். முந்தின நாள் மாலை, கல்யாண விருந்துக்குக் காய்கறி வெட்ட யார் வந்து உட்காருகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வராத வீடு, விலகிப்போன வீடு.

“பாதித் தெரு வரலேன்னா, மாப்பிள்ள வீட்டுக்காரவ மொகத்துல நா எப்படி முழிப்பேன்?” என்றாள் மனைவி.

நான் ஒரு ராஜதந்திரம் செய்தேன். பாலையா அண்ணன் கோஷ்டிக்கு முன்பந்தல். செல்லத்துரை கோஷ்டிக்குப் பின்படி வழியாக மொட்டைமாடி. ‘அடுத்த ஆள் வரமாட்டார்’ என்று இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வைத்தேன். இரண்டு இடத்திலும் ஆள் நிறைந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அவியலுக்குக் காய் எல்லாம் விரல் நீளத்துக்கு ஒரே அளவாக இருக்க வேண்டும். கீழே தலைமையாசிரியர் மேற்பார்வையில் அப்படியே நடந்தது. மேலே, குவைத் மெஸ்ஸில் பழகிய கையோடு செல்லத்துரை சேனையைச் சுண்டைக்காய் அளவுக்குப் பொடித்துவிட்டான். மற்றவர்கள் தலைவர் வழியே நடந்தார்கள். ஐந்து மணிக்கு இரண்டு கூடைகளும் சட்டுவத்தின் முன்னால் வந்தன.

“ஓய், பெண்ணுக்க அப்பா! இங்க வாரும். இது என்னது?”

“சேனை, அண்ணாச்சி.”

“இது?”

“அதுவும் சேனைதான்.”

“இது வேவதுக்குள்ள அது கொழஞ்சு களியாப் போவும். பாதிப் பேரு களி திங்கவும் பாதிப் பேரு கல்லு கடிக்கவுமா ஒம்ம மவளுக்குக் கல்யாணம்?”

இரண்டு தரப்பு, நிலைமை, நல்லிணக்கம் என்று நான் முனகினேன். அவர் அண்டாவில் கரண்டியால் ஓங்கி அடித்தார்.

“லேய், மேல இருக்கவன் கீழ எறங்கு! கீழ இருக்கவன் தள்ளி இரி! எல்லாவனும் ஒரே பாயில இருந்து ஒரே அளவுல வெட்டினாத்தான் அடுப்புல தீ போடுவேன். இல்லேன்னா நாளைக்கு மாப்பிள்ளைக்கு ரொட்டியும் ஜாமும்!”

படி இறங்கிய செல்லத்துரை, பாலையா அண்ணனைக் கண்டு நின்றான். “சார் வரமாட்டாருன்னு இவருல்லா சொன்னாரு?”

அண்ணன் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னான்.”

எட்டு மாதத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அது.

“பொறவு சண்ட போடுங்கலே,” என்றார் சட்டுவம். “நீ செயிச்சாலும் நாந்தான் அவியல் வைக்கணும். அவரு செயிச்சாலும் நாந்தான் வைக்கணும்.”

புதுச் சேனை வந்தது. இருவரும் ஒரே பாயில் முறைத்தபடி வெட்டினார்கள். அண்ணனுக்குக் கை அரித்தது. சொல்லக் கௌரவம் விடவில்லை, வேட்டியில் தேய்த்துக்கொண்டார். செல்லத்துரை முகத்தைத் திருப்பியபடியே தேங்காயெண்ணெய்க் குப்பியை நகர்த்தினான்.

“தேச்சுக்கிடுங்க சார். கட்சி எண்ணெ இல்ல.”

அண்ணன் தேய்த்துக்கொண்டார். கை சரியானதும் பெட்ரோல் விலையில் ஆரம்பித்தார். இவன் விடவில்லை. கத்தலில் பந்தல் அதிர்ந்தது. ஆனால் துண்டுகள் அளவு தப்பவில்லை. நடுவில் சட்டுவம் குனிந்து ஏதோ சொன்னார். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பத்திகள் பத்திகளாக எழுதி ஒரு புருவத்தைக்கூட அசைக்க முடியாதவன் நான்.

குழு இன்றும் இரண்டுதான். ஆனால் மறுநாள் பந்தியில் அவர்களுக்கு அடுத்தடுத்த இலை. மாப்பிள்ளை வீட்டார் அவியலை இரண்டு தடவை கேட்டு வாங்கினார்கள்.

எல்லாம் முடிந்து வெறும் பந்தலில் உட்கார்ந்திருந்தேன். சட்டுவம் வந்து என் முன்னால் ஓர் இலையைப் போட்டார்.

“பெத்த அப்பன் சாப்பிடாம என் அண்டாவக் கழுவப்படாது. இரும்.”

அவ்வளவு பெரிய கூட்டத்தில் நான் சாப்பிடாததைக் கவனித்தவர் அவர் மட்டும்தான். தனியாக ஒரு கிண்ணத்தில் அவியலை மூடி வைத்திருந்தார். கண் கலங்கியது, பச்சைமிளகாய்மேல் பழியைப் போட்டேன். பிறகு, கேட்காமல் இருக்க முடியவில்லை.

“நேத்து அவிய ரெண்டு பேரையும் என்ன சொல்லி அண்ணாச்சி சிரிக்க வச்சிய?”

“அதுவா? நீரு எந்தப் பக்கம்னு கேட்டானுவ. பொண்டாட்டி பக்கம், அதுலயும் ஒரு பத்தடி தள்ளித்தான் நிப்பாருன்னேன். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டானுவ.”