கதிர்வீச்சு மாமாவும் ஜில்லென்ற ஜெல்லும்

மனிதர்களில் 'ஒருத்தருக்கு இப்படி ஆச்சாம்' என்றொரு இனம் உண்டு. கர்ப்பிணி இருக்கும் வீட்டை மோப்பம் பிடித்து வந்துவிடும்; செருப்பைக் கழற்றுமுன் ஆலோசனையைக் கழற்றும். படிப்பு? ஃபோனில் வந்ததெல்லாம் படிப்புதான். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்த நான் படிப்பைப் பற்றி அதிகம் பேசக்கூடாது, விடுங்கள்.

எங்களுக்கு வாய்த்தவர் தாய்மாமா. அக்காவுக்கு எட்டாம் மாதம். குழந்தையின் வளர்ச்சி குறைவாகத் தெரிகிறது, ஸ்கேன் எடுத்து வாருங்கள் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். மாமா அந்தச் சீட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், கடைசியில் பெருமூச்சு விட்டார்.

"வேணாம் பாப்பா. அத்தனையும் கதிர்வீச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு..."

"யாரு மாமா அது?"

"பெரியவங்க பேசறப்ப குறுக்க வராதடா!"

சொல்லிவிட்டு, பிள்ளைக்கு மூளை வளரட்டும் என்று தன் ஃபோனை அக்கா வயிற்றில் வைத்து, தெருவுக்கே கேட்கும்படி பாட்டுப் போட்டார். ஃபோன் கதிர்வீச்சு மட்டும் அமிர்தம்!

அக்கா பயந்துவிட்டாள். ஒரு வாரம் போயிற்று. வயிற்றில் கை வைத்தபடியே நடந்தாள். சீட்டு என் சட்டைப் பையில் வியர்த்துக்கொண்டிருந்தது.

எட்டாம் நாள் காலை மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு அலறினார். சிறுநீரகத்தில் கல்லாக இருக்கலாம், ஸ்கேன் எடுங்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். "மாமாவுக்குத் துணைக்கு வாக்கா" என்று அக்காவையும் கிளப்பினேன். ஸ்கேன் சென்டருக்குப் போனதும் சத்தமில்லாமல் இரண்டு டோக்கன் வாங்கினேன்.

இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்தபடி மாமா அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். யாருக்கு எத்தனை மாதம் என்று எதிரில் இருந்தவர்கள் குழம்பினார்கள்.

உள்ளே போனவர் வயிற்று ஜெல்லைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"எப்படி மாமா இருந்துச்சு?" என்றாள் அக்கா.

"ஜில்லுனு இருந்துச்சு. வேற ஒண்ணுமே தெரியலம்மா."

"கதிர்வீச்சு?" என்றேன்.

"அது... ஆம்பளைங்களுக்கு ஒண்ணும் பண்ணாதுடா!"

அக்கா ஒரு வாரத்துக்குப் பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்போடு அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனேன்.

"இது எக்ஸ்ரே இல்லம்மா, நம்ம காதுக்குக் கேக்காத சத்தம்" என்றார் ஸ்கேன் எடுக்கும் அம்மா. "சும்மா வேடிக்கை பாக்க அடிக்கடி எடுக்கக் கூடாது. டாக்டர் எழுதினா பயப்படாம எடுக்கணும்." பேசிக்கொண்டே வந்தவர் திடீரென்று நிறுத்தினார். பனிக்குட நீர் குறைந்திருந்தது. "இன்னிக்கே அட்மிட் ஆகிடுங்க. நல்லவேளை, வந்தீங்க."

பிறகு திரையில் குழந்தையின் சின்ன இதயம் படபடவென்று துடிப்பதைக் காட்டினார். நான் சுவர்ப்பக்கம் திரும்பி அறிவிப்புப் பலகையைப் படித்தேன். என்ன எழுதியிருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஐந்தாம் நாள் மருமகள் பிறந்தாள். சிறுசு, குரல் மட்டும் பெருசு. மாமா திருந்தினாரா? தடுப்பூசி பற்றி அவருக்குத் தெரிந்த ஒருத்தர் இப்போது தயாராக இருக்கிறார்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? போன வாரம் யாரோ ஒரு கர்ப்பிணியிடம் "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு" என்று ஆரம்பித்தீர்களே, அந்த ஒருத்தர் பெயர் என்ன? தெரியாதா? வாருங்கள். மாமாவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. தண்ணீர் நான் வாங்கி வருகிறேன்.