மூன்று பூட்டுக்குள் ஒரு மாப்பிள்ளை

வெட்கப்படுகிறவனுக்கு வாய்தான் அசையாது. கால் அவனை எங்காவது கொண்டுபோய் மாட்டிவிட்டுவிடும். என்னை ஒருநாள் இரும்பு பீரோவுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

தொண்ணூறுகளின் கடைசி. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையில் நான் கடைநிலை ஊழியன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. தரை துடைப்பது, ஏ.சி. போடுவது, வருகிறவர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்வது என் வேலை. (கடைசி வேலையைச் சைகையிலேயே முடித்துவிடுவேன்.)

அந்தச் சமயம் ஒரு நூற்பாலையிலும் ஓர் அரசு அலுவலகத்திலும் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து கணக்கெல்லாம் அழிந்துபோனது. தனித்தனியாகக் காத்தால் சரிவராது என்று எங்கள் துறைத்தலைவர் பேராசிரியர் இரண்டு தரப்பையும் கூட்டி உட்காரவைத்தார். ஆலை இயந்திரம் தந்தது, அரசு பணம் தந்தது, கல்லூரி மூளை தந்தது. எல்லாருடைய கணக்குக்கும் நகல் எடுத்த பிளாப்பிகள் எங்கள் அறையில் இருக்கும். கதவில் மூன்று பூட்டு, தரப்புக்கு ஒரு சாவி. மூவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கலாம். மாற்றுச் சாவி கிடையாது. "கோயில் உண்டியல் மாதிரிய்யா" என்று பேராசிரியர் சொன்னதும் எனக்கே விளங்கிவிட்டது. இன்றைக்கு சைபர் பாதுகாப்பு என்கிறார்களே, அதற்கு நாங்கள் போட்டது சாதாரணத் தொங்குபூட்டுதான்.

திறப்பு விழா நடந்த அன்றைக்கே சாயங்காலம் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடு. வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. அதற்கு முன் பார்த்த வீடுகளிலெல்லாம் மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா என்று சந்தேகப்பட்டுக் கைவிட்டிருந்தார்கள். இந்தப் பெண்ணுக்கு ஊர் சேரன்மகாதேவி. நெல்லையப்பர் கோயிலில் வைத்துப் பார்த்துவிட்டுப் பெண் வீட்டார் இருட்டுமுன் பஸ் ஏறிவிடுவார்கள். இது தட்டிப்போனால் அடுத்த இடத்துக்குச் சரி சொல்லிவிடுவார்கள் என்று அக்கா எச்சரித்திருந்தாள். இந்த முறை ஒரு வாக்கியமாவது பேசியே தீர்வது என்று நான் உறுதி எடுத்திருந்தேன். 'சாப்பிட்டீங்களா?' என்பது அந்த வாக்கியம். காலையிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

புது வேட்டியோடு கடைசிக் கம்ப்யூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது விழாவுக்கு வந்த பெரிய மனிதர்கள் கூட்டமாக உள்ளே வந்துவிட்டார்கள். அத்தனை பேரைத் தாண்டி எப்படி வெளியே போவது? பீரோவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். பார்த்துவிட்டுப் போனதும் கிளம்பலாம் என்று கணக்கு. அவர்கள் பார்த்தார்கள், போனார்கள், பூட்டினார்கள். ஒவ்வொரு பூட்டுக்கும் வெளியே கைதட்டல். உள்ளே நானும் தட்டினேன். (விழா என்றால் கை தானாகத் தட்டிவிடும்.)

அரசு அதிகாரியை ஐயா என்று கூப்பிடுவதா, சார் என்று கூப்பிடுவதா என்று நான் முடிவெடுப்பதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

அறையின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதைத் தட்டினேன். பேராசிரியர் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை இப்போதும் எழுத வரவில்லை. ஆலை அதிகாரி பாபநாசம் பக்கம் ஆலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அரசு அதிகாரி அணையைப் பார்வையிடப் போய்விட்டார். வாட்ச்மேன் கடப்பாரையோடு வந்தார். பேராசிரியர் குறுக்கே நின்றுகொண்டார். அவர் சொன்னதை வாட்ச்மேன் பிறகு என்னிடம் சொன்னார்.

"முதல் நாளே நாமளே பூட்ட உடைச்சா, அப்புறம் எவன்யா நம்மள நம்புவான்?"

ஆலைக்கும் அணைக்கும் போன் போட்டு இருவருக்கும் தகவல் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். உள்ளே ஏ.சி. உறுமியது. அதன் சுவிட்ச் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் எந்தக் காரணத்துக்காகவும் அணைக்கக் கூடாது என்பது உத்தரவு. நான் அணைக்கவில்லை. கம்ப்யூட்டரின் பிளாஸ்டிக் உறையை எடுத்துப் போர்த்திக்கொண்டேன்.

கோயிலில் காத்துச் சலித்த அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினாள். கண்ணாடியில் மூக்கை வைத்துக் கத்தினாள். அவள் கத்தினால் எந்தக் கண்ணாடியும் தடுக்காது.

"ஏலே, அங்கன அவிய காத்துக்கெடக்காவ, நீ இங்கன மூடிக்கிட்டு நிக்கியே. அசையாம நில்லு. நான் அவியள இங்கன கூட்டியாறேன்."

அசைவதற்கு எங்கே வழி? கூட்டி வந்தே விட்டாள். பெண்ணின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எதற்காக உள்ளே வைத்திருக்கிறீர்கள் என்று பேராசிரியரிடம் கேட்டாளாம். அவர் திட்டம் முழுவதையும் விளக்கினார். ஏ.சி. சுவிட்சைக் காட்டி என்னவோ சொன்னதும் தெரிந்தது.

பிறகு அந்தப் பெண் கண்ணாடி அருகே வந்தாள். இதுதான் நேரம் என்று குளிரில் பல் கிட்டிக்க என் வாக்கியத்தைச் சொன்னேன். அதே நேரத்தில் அவளும் என்னவோ கேட்டாள். ஏ.சி. இரைச்சலில் ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. இன்னொரு தடவை கேளுங்கள் என்று சொல்லக் கூச்சம். தலையை ஆட்டினேன். உறையும் சேர்ந்து ஆடியது. அவள் சிரித்துவிட்டாள்.

சாவிகள் வந்து சேர்ந்தபோது அவர்கள் பஸ் ஏறிப் போயிருந்தார்கள். பூட்டுமுன் உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று மறுநாள் விதியில் ஒரு வரி சேர்த்தார்கள். கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கு நான் செய்த தொண்டு அந்த ஒரு வரிதான்.

பெண் வீட்டில் சம்மதித்துவிட்டார்கள். அணைக்காதே என்று சொன்னதற்காக நடுங்கிக்கொண்டே நின்றவன் எந்தக் காலத்திலும் பெண்டாட்டி பேச்சைத் தட்டமாட்டான் என்று அவள் அம்மாவிடம் சொன்னாளாம்.

அன்றைக்கு என்ன கேட்டாய் என்று கல்யாணமான நாளிலிருந்து விசாரிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரு பதில். கிரைண்டர் வாங்கியபோது அதைத்தான் கேட்டாளாம். அவள் அம்மா எங்களோடு வந்து தங்கியபோது அதையும் கேட்டிருந்தாளாம். போன வாரம் திருச்செந்தூர் போக வேண்டும் என்றாள். எனக்கு முழங்கால் வலிக்கிறது என்று முனகினேன். பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

"அன்னைக்குக் கண்ணாடிக்குள்ள நின்னு தலையாட்டுனியள்லா," என்றாள். "அது இதுக்குத்தான்."