மின்னல் கையனைவிட நல்ல மனுசன்

மின்னல் கையனை அன்றோடு வீட்டைவிட்டுத் துரத்திவிடுவது என்று றுமைஸ் முடிவெடுத்தார்.

மின்னல் கையன் டிவி நாடகத்தில் வருகிறவன். முகமூடி போட்டிருப்பான். அவன் கையை நீட்டினால் மின்னல் அடிக்கும், பத்துப் பேர் பறப்பார்கள். றுமைஸுக்குக் கல்முனைச் சந்தையில் சாறன் கடை. அவர் கையை நீட்டினால் துணி அளக்கலாம், அவ்வளவுதான்.

கத்தரிக்கோல் பட்டு அவர் விரல் கிழிந்த அன்று மனைவி நுஸ்ரத், "பைப்புல கழுவுங்க" என்றாள். அதே அந்தியில் மின்னல் கையனின் முகமூடியில் ஒரு கீறல் விழுந்தது. "யா அல்லாஹ், பாவம்!" என்று கண்ணைத் துடைத்தாள். மறுநாள் அவள் பார்க்கும்படியாக றுமைஸ் காஸ் சிலிண்டரை ஒற்றைக் கையால் தூக்கினார். சிலிண்டர் கொஞ்சம் எழும்பியது. பிறகு றுமைஸ்தான் எழும்பவில்லை.

துரத்துவதிலும் ஒரு சிக்கல். வீடு நுஸ்ரத்துக்குச் சீதனமாக வந்தது. டிவியும் அதோடு வந்ததுதான். யாராவது யாரையாவது துரத்துவதென்றால் அவள்தான் அவரைத் துரத்தலாம். ஆகவே நியாயம் பேசி வெல்வதென்று, இஷா தொழுதுவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நுஸ்ரத்துக்கு வேறொரு கவலை. அவள் தம்பி பஹ்மி, மச்சான் றுமைஸின் மோட்டார் சைக்கிளை இரவல் கொண்டுபோய்ச் சம்மாந்துறை வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டான். சேற்றோடு கொண்டுவந்து நிறுத்தி, மேலே துணியைப் போர்த்திவிட்டுச் சொல்லாமல் போய்விட்டான். அன்றிலிருந்து அவனுக்கு இந்த வாசல் இல்லை என்று றுமைஸ் சொல்லிவிட்டார். அவள் அழுது பார்த்தாள். அவருக்குப் பிடித்த இனிப்பான வட்டிலப்பம் செய்தும் பார்த்தாள். றுமைஸ் வட்டிலப்பத்தை மட்டும் ஏற்றுக்கொண்டார்.

டிவியில் மின்னல் கையன் ஒருவனைச் சுவரோடு சேர்த்துப் பிடித்திருந்தான்.

"ஆரு புள்ள அது?"

"அவன்ட பொஞ்சாதிட தம்பி. எதிரிக்கு இவன்ட இடத்தக் காட்டிக் குடுத்திட்டான்."

"அதுக்கு அடிக்கிறதா?"

"அடிக்கத்தான் வேணும். ஆம்புள எண்டா அப்படித்தான்."

றுமைஸுக்குக் காது சுட்டது. "ஆருக்கும் அடிக்க ஏலும் புள்ள! சொந்தக்காரன் பிழை விட்டா மன்னிக்கிறவன்தான் ஆம்புள!"

"வாயால சொல்லலாம். மன்னிக்கிறதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும்! இவனுக்கே இல்லயே."

"இவனுக்கே இல்லயா? இவன் ஆரு? முகத்தக் காட்டப் பயந்து துணி கட்டித் திரியிறவன்! நானா இருந்தா இந்நேரம் மச்சினனக் கட்டிப்பிடிச்சி, சோறு போட்டிருப்பன்!"

"வல்லாஹி? அல்லாஹ் மேல சத்தியமா?"

"வல்லாஹி!"

நுஸ்ரத் குசினிப் பக்கம் திரும்பினாள். "பஹ்மி, வா மனே. மச்சான் கூப்பிடுறார்."

பஹ்மி சோற்றுக் கோப்பையோடு வந்து நின்றான். பாதி சாப்பிட்டிருந்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான். நீங்க கதைச்சதக் கேட்டு எனக்குக் கண் கலங்கிட்டு."

அவனுக்குக் கண் கலங்கியது மிளகாயால் என்று றுமைஸுக்குத் தெரியும். ஆனால் நுஸ்ரத் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் டிவிக்குப் போன அந்தப் பார்வை! "அவனவிட நீங்கதான் நல்ல மனுசன்" என்றாள். றுமைஸ் எழுந்து பஹ்மியைக் கட்டிப்பிடித்தார். சட்டையில் மீன் குழம்பு பட்டது. அதையும் மன்னித்தார். கேட்காமலே மோட்டார் சைக்கிள் சாவியையும் எடுத்துக் கொடுத்தார்.

நுஸ்ரத் தானாகவே டிவியை நிறுத்தினாள். றுமைஸின் நெஞ்சு நிமிர்ந்தது.

"அப்ப இனி அந்த மின்னல் கையனப் பாக்க மாட்டாய்தானே?"

"என்னத்துக்குப் பாக்காம? நாளைக்கு அவன்ட பொஞ்சாதி தங்கக் காப்புக் கேக்கிறாளாம், அந்தக் கஞ்சன் வாங்கிக் குடுக்கவே மாட்டானாம். நீங்களும் கட்டாயம் பக்கத்துல வந்து இரிங்க."