முனாப் அடைத்த மடை

"இது மழைக்கான் எண்டு நான் எத்தின தரம் சொல்ற..."

"மழைக்கானாம்! மூக்க வெச்சிப் பாருங்க, மழை இப்பிடியா நாறும்?"

"சொல்லி முடிக்க உடு புள்ள..."

"நீங்க சொல்லி முடிக்கக்குள்ள அஸருக்கு வாங்கு சொல்லிருவாங்க. சபியா உம்மா வந்து, இந்தக் கேட்டடியில நிண்டு, மூக்கப் பொத்திக்கிட்டுத் திரும்பிப் போயிருவா!"

காலை ஏழு மணிக்கே முனாப்பும் அவர் மனைவி ஹாஜறாவும் கேட்டுக்கு வெளியே நின்று, காலடியில் கிடந்த கொங்கிறீட் மூடியைப் பார்த்துச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூடிக்குக் கீழே தண்ணீர் வடிந்தோடும் கான். போன வருஷம் கட்டியது. கல்முனைப் பெரிய தெருவில் தொடங்கி, அவர்கள் தெருவோரமாக வந்து, கடலில் போய் விழுகிற கான். மாரி மழைக்கென்று வெட்டியதுதான். ஆனால் மாரி ஓய்ந்து இரண்டு மாதமாகியும் அது காயவில்லை. அதோடு நாற்றம் வேறு.

வேறு நாளாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அன்றைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு சபியா உம்மா வீடு பார்க்க வருகிறார். நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் வந்து குடியிருப்பான். ஆகையால் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்க்க எடுக்கும் நேரத்தைவிட வீட்டைப் பார்க்க எடுக்கும் நேரம் கூடுதல். அதிலும் சபியா உம்மா வீட்டைக் கண்ணால் பார்ப்பவரல்ல, மூக்கால் பார்ப்பவர். மகன் முஸ்தாக்குக்காக இதே தெருவில் இரண்டு வீட்டுக்கு வந்து, இரண்டிலும் கேட்டைத் தாண்டாமலே திரும்பியவர். "என்ட மகன் இந்த நஜீஸ மிதிச்சிக்கிட்டா பள்ளிக்குத் தொழப் போற?" என்று அவர் கேட்டது தெரு முழுக்கப் பாடம்.

இது மூன்றாவது வீடு. முஸ்தாக்கைப் பற்றி ஆராவது கதைத்தால் போதும், முனாப்பின் மகள் றஸ்னா மூன்று நாளாக முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தாள். இன்றைக்குச் சிரிக்கவில்லை.

"வாப்பா," என்றாள் ஜன்னலால், "மூக்கில்லாத மாப்பிள்ளை ஒண்டு தேடுங்க. வேல லேசு."

"இந்தா, அவளும் துவங்கிட்டாள்!"

முனாப் மாவடிப்பள்ளி வயல் கண்டத்துக்கு வட்டவிதானை. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர், எந்த மடையைத் திறப்பது, எதை அடைப்பது என்பதெல்லாம் இருபத்திரண்டு வருஷமாக அவர் கையில்.

"புள்ள, தண்ணிர விசயத்துல என்னோட வராத. கக்கூஸ் கான் எண்டா வாசம் வெளிய வராம, குழாய் மாதிரி மூடிக் கட்டுவான். இது சதுரமாக் கட்டி, மேல ஓட்டை வெச்சது. மழத்தண்ணி இறங்கத்தான் ஓட்டை. இந்த ஊருல கக்கூஸ் கானே கிடையா. எல்லாருக்கும் வளவுக்குள்ள குழி."

"அப்ப நாறுறது ஆரு? நானா?"

"பூனை கீனை செத்துக் கிடக்கும். மூடியக் கிளப்பி எடுத்துப் போட்டாச் சரி."

அலவாங்கு கொண்டுவந்து நெம்பினார். மூடி கிளம்பியது, இரண்டாக உடைந்தது, உள்ளே விழுந்தது. பூனை இல்லை. ஓட்டையால் வந்துகொண்டிருந்த நாற்றம் இப்போது தாராளமாக வந்தது.

"இவ்வளவு நாளும் ஜன்னலால வந்திச்சி," என்றார் ஹாஜறா, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு. "இப்ப வாசல் வெச்சிக் குடுத்திட்டீங்க."

முனாப் குனிந்து பார்த்தார். கறுத்த தண்ணீர் மெல்ல ஊர்ந்து போனது. அவர் முகம் மாறியது.

"மழையில்லாத நாளையில மழைக்கானுக்குள்ள தண்ணி ஓடுதெண்டா, எவனோ களவா மடை துறந்திரிக்கான்."

"என்ன மடை?"

"கக்கூஸ் மடை."

"அதத்தானே விடியச் சாமத்துல இருந்து நான் சொல்றன்!"

களவுத் தண்ணீரைப் பிடிப்பது வட்டவிதானைக்குப் பெரிய வேலையா? உடுப்புக்குப் போடும் நீலத்தை ஒரு வாளியில் கரைத்து, முதலில் தன் வீட்டுக் கக்கூஸிலேயே ஊற்றினார். இருவரும் கானடியில் குந்திக்கொண்டு கால்மணி நேரம் பார்த்தார்கள். நீலம் வரவில்லை.

"கண்டியா? நம்மட வீடு சுத்தம்."

அடுத்தது பக்கத்து வீடு. தையற்காரர் மஜீட் பல் விளக்கிக்கொண்டு நின்றார்.

"மஜீட் காக்கா, ஒங்கட கக்கூஸுக்குள்ள கொஞ்சம் நீலம் ஊத்தட்டா?"

"என்னத்துக்கு? அதென்ன வெள்ளச் சேட்டா?"

முனாப் விளக்கம் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது.

"என்னயா சந்தேகப்படுறாய்? என்னயா? ஹஜ்ஜுக்குப் போகப் பேர் குடுத்திரிக்கன் நான்!"

"சந்தேகம் இல்ல காக்கா, ஒரு பார்வைதான்..."

"வா! ஊத்து! ரெண்டு வாளி ஊத்து! வரல்லயெண்டா தெருவுல நிண்டு சொல்லணும், மஜீட் சுத்தமான மனிசன் எண்டு!"

வரவில்லை. முனாப் தெருவில் நின்று சொன்னார். அதைக் கேட்டு எதிர்வீட்டுக்காரர் வந்தார். "அப்ப நாங்க சுத்தமில்லியா? எங்கட வீட்டுலயும் ஊத்துங்க." அதற்கடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. நீலம் முடிந்தது, மஞ்சள் எடுத்தார். மஞ்சள் முடிந்தது, சிவப்பு எடுத்தார். பத்து மணிக்குள் பதினொரு கக்கூஸ். கான் கறுப்பாகவே ஓடியது. தெரு முழுக்கச் சுத்தமானவர்கள்; தெரு முழுக்க நாற்றம்.

"மஸ்கட் அல்வா கிண்ட வெச்ச மஞ்சள் கலர் எங்க?" ஹாஜறா குசினியிலிருந்து கேட்டார்.

"அது... ஆறாம் வீட்டுக்குப் போயிட்டு."

"சர்பத்துக்கு வெச்ச சிவப்பு?"

"எட்டாம் வீட்டுக்கு."

"அல்லாஹ்வே! வெள்ள மஸ்கட்டும் பச்சத்தண்ணியும் வெச்சா நான் சம்மந்தம் பேசுற?"

"பொறு புள்ள. நம்மட தெருவுல இல்லயெண்டா மேலருந்துதான் வருது. நான் இறங்கிப் பாக்கன்."

"எங்க இறங்குற?"

முனாப் சாறனை மடித்துக் கட்டினார்.

"வாப்பா! நீங்க கானுக்குள்ள இறங்கினா, நான் கிணத்துக்குள்ள இறங்குவன்!"

"கிணத்துல முழங்காலளவுதான் தண்ணி. பேசாம இரி."

இறங்கினார். உள்ளே இடுப்பு வளைத்தால் நடக்கலாம். மூடிகளின் இடைவெளியால் வெளிச்சம் கீறல் கீறலாக விழுந்தது. மேலே ஹாஜறா குடையைப் பிடித்துக்கொண்டு, மூடிக்கு மூடி நின்று குனிந்து கேட்டபடி வந்தார்.

"இரிக்கீங்களா?"

"இரிக்கன்."

"என்ன கிடக்கு?"

"ஒரு செருப்பு. ஒரு பந்து."

"செருப்பு சோடியா?"

"ஒத்தைதான்."

"அப்ப உட்டுட்டு வாங்க."

எதிரே வந்த ஒரு பெண் நின்றாள். "என்ன ராத்தா, கானோட கதைக்கிறீங்க?"

"என்ட மனிசன் உள்ளுக்குள்ள இரிக்கார்."

"யா அல்லாஹ்! விழுந்துட்டாரா?"

"இல்லகா. போயிரிக்கார்."

தெரு முடிந்து பெரிய தெருப் பக்கம் கான் திரும்பும் இடத்தில் ஹாஜறா நின்றுவிட்டார். "வீட்டுச் சீலையோட நான் பெரிய தெருவுக்கு வரமாட்டன். நீங்க போங்க." முனாப் தனியே போனார். பிறகு கானுக்குள்ளிருந்து பெரிய சிரிப்பொன்று உருண்டு வந்தது.

"புள்ள! பிடிச்சிட்டன்! நாலு இஞ்சுப் பைப்பு! புதுச் சீமெந்து பூசியிரிக்கி!"

"அப்ப இது கக்கூஸ் கான்தானே?"

"இல்ல! பைப்புக்குக் கீழ, நம்மட தெருப் பக்கம், மண் கறுப்பு. மேல மண் பால் மாதிரி வெள்ள. நண்டு ஓடித் திரியிது! நான் சொன்னது சரி, இது மழைக்கான்!"

"நான் சொன்னது?"

கான் கொஞ்சம் யோசித்தது.

"அதும் சரி. பைப்பு வரைக்கும் மழைக்கான். அதுக்குப் பிறகு கக்கூஸ் கான்."

இருபத்தேழு வருஷக் குடும்ப வாழ்க்கையில் ஒரு விஷயத்தில் இருவரும் சரியாக இருந்தது அதுதான் முதல் தரம்.

"ஆர்ர வீட்டுப் பைப்பு?"

"உள்ளுக்குள்ள இருந்து பாத்தா எல்லாம் சுவர்தான் புள்ள. மேல கனபேர்ர சத்தம் கேக்குது. கோப்பை கழுவுறாங்க, சிரிக்கிறாங்க."

"கூப்பிட்டுக் கேளுங்களன்."

"கானுக்குள்ள இருந்துக்கிட்டு ஸலாம் சொல்லவா? ஆர்ர எண்டு நாளைக்குப் பாப்பம். இண்டைக்கு அடைப்பம். போய் ஒரு கட்டு வைக்கோல், அடுப்புப் போட வெச்ச களிமண், ஒரு சாக்கு எடுத்துக்கிட்டு வா."

அதற்குப் பிறகு நடந்தது தொழில். களவுத் தண்ணீர் எடுப்பவனின் மடையை எப்படி அடைப்பாரோ அப்படி அடைத்தார் முனாப். வைக்கோலை முறுக்கித் திணித்து, களிமண்ணை அப்பி, சாக்கைச் சுருட்டி வைத்து, உடைந்த கல்லால் இறுக்கினார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அடைத்த மடை ஒன்றுகூடக் கசிந்ததில்லை. இதுவும் கசியவில்லை.

அவர் ஏறி வந்து செய்தி சொன்னதும் தெருப் பெண்கள் வாளியோடு புறப்பட்டுவிட்டார்கள். பதினொரு வீட்டுக் கிணற்றுத் தண்ணீரும் கானுக்குள் இறங்கியது. "ஊத்துகா! கடல் வரைக்கும் போகட்டும்!" என்று ஒருத்தி கத்த, இன்னொருத்தி குரவையிட்டாள். மஜீட் தன் துணி வெட்டும் பலகையைக் கொண்டுவந்து உடைந்த மூடியின் இடத்தில் போட்டு, மேலே பாயும் விரித்தார். மதிய லுஹர் தொழுகைக்கு ஆட்கள் போகும்போது தெருவில் கடற்காற்றும், றஸ்னா இடித்த ஏலக்காயும் மட்டும்தான் மணத்தன.

முனாப் ஒரு முழுச் சவுக்காரம் கரையும் வரை குளித்தார். ஹாஜறா மோந்து பார்த்துவிட்டு, "இன்னொண்டு எடுங்க" என்றார்.

அஸர் முடிந்தது. சபியா உம்மா தன் தம்பி கச்சிமுகம்மதுவோடு வந்து, கேட்டடியில், சரியாக மஜீட்டின் பலகைமேல் நின்றார். மூக்கை உயர்த்தினார். இடது பக்கம் இழுத்தார். வலது பக்கம் இழுத்தார். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த முழுத் தெருவும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது.

"என்ன முனாப் தம்பி, ஒங்கட வாசல்ல ஒண்டுமே மணக்கல்லியே!"

"நாங்க... சுத்தமா வெச்சிரிக்கம் ராத்தா."

கேட்டைத் தாண்டினார். மதிலுக்கு அப்பால் ஆரோ கை தட்டி, ஆரோ அந்தக் கையில் அடித்தார்கள். சபியா உம்மா விருந்தினர் இருக்கும் சாலை பார்த்தார், அறை பார்த்தார், கிணறு பார்த்தார். கடைசியாகக் கக்கூஸ் கதவைத் திறந்தார். ஹாஜறாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"இதென்னகா, தண்ணி நீலமா நிக்கி?"

"அது... வாசத்துக்கு ஊத்துற மருந்து ராத்தா," என்றார் ஹாஜறா.

"மாஷா அல்லாஹ்! இத நான் கொழும்புலதான் கண்டிரிக்கன்! தம்பி, இஞ்ச வந்து பாரு, நீலத் தண்ணி!"

கச்சிமுகம்மது வந்து பார்த்து, மரியாதையாகத் தலையாட்டினார். திரைச்சீலைக்குப் பின்னால் றஸ்னா வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெள்ளை மஸ்கட்டை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் சபியா உம்மா. "கலர் போடாததுதான் உடம்புக்கு நல்லம்," என்றார். "முனாப் தம்பி, நான் கதைக்கிறத ஒளிக்க மாட்டன். இந்தத் தெருவுல ரெண்டு வீட்டயும் நான் நாத்தத்துக்குத்தான் உட்ட. மனிசர் தங்கட ஊத்தைய அடுத்தவன்ட வாசலுக்கு அனுப்பக் கூடாது. எங்கட வீட்டுலயும் வந்து பாருங்க. முஸ்தாக் சவூதியால வந்த கையோட கொமட் வெச்சி, மாபிள் போட்டுக் கக்கூஸ் கட்டினான். இண்டைக்குச் சம்மாந்துறையில இருந்து நாப்பது சொந்தக்காரர் வந்து நிக்காங்க, எல்லாருக்கும் அதுதான். என்ட மகள் முனவ்வறாதான் நிண்டு பாத்துக்கிறாள். உள்ளுக்குப் போனா அத்தர்க் கடைக்குள்ள போன மாதிரி!"

"சுத்தம்தானே ராத்தா ஈமான்ட பாதி," என்றார் முனாப். அவருக்கு இப்போது உலகத்தில் எல்லோரையும் பிடித்திருந்தது.

"அப்ப நோன்புக்கு முந்தி நிக்காஹ்வ வெப்பமா?" என்று கேட்டார் கச்சிமுகம்மது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார்கள் முனாப்பும் ஹாஜறாவும் ஒரே நேரத்தில். ஒரு நாளில் இரண்டாம் தரம்.

சபியா உம்மா சம்மந்தம் முடிந்த சந்தோஷத்துக்குச் சீனியை அள்ளி ஹாஜறாவின் வாயில் போட்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் மஜீட்டின் பலகை தடதடத்தது. முழங்கால் வரை நனைந்த பாவாடையோடு, செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடி வந்து நின்றாள் முனவ்வறா.

"உம்மா, கெதியா வாங்க! சம்மாந்துறை மாமி உள்ளுக்க இருக்கக்குள்ளயே கொமட்டு திரும்பி மேலால வருது, வீட்டுச் சாலையெல்லாம் வெள்ளம்! கானுக்குள்ள நாம களவா உட்ட பைப்ப ஆரோ வைக்கோலும் களிமண்ணும் வெச்சி அடைச்சிரிக்காங்களாம். மேசன் பாத்துட்டுச் சொல்றான், இப்பிடி அடைக்க வயல் மடை அடைச்சிப் பழகின ஒருத்தராலதான் ஏலுமாம்!"