இருவர் என்றால் எத்தனை அடி?

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே உன் அக்கா நலம். நான் நலமா இல்லையா என்பதை இதைப் படித்துவிட்டு நீயே தீர்மானித்துக்கொள். உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுமென்று மனதார விரும்புகிறேன். அந்த எல்லோரில் உன்னையும் சேர்ப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. போனில் பேசினால் நடுவில் புகுந்து சிரிப்பாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ தேர்ந்தெடுத்து அனுப்பிய கூடாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. பையின் மேல் இரண்டு மனித உருவம் போட்டு ‘இருவருக்கு’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். நானும் நம்பினேன். முப்பத்தொரு வருஷம் மெத்தைக் கடையில் அளவெடுத்து வெட்டியவன் நான். எங்கள் தொழிலில் இருவர் என்றால் ஐந்தடி அகலம். ஓர் அங்குலம் குறைந்தாலும் ‘ஒன்றரை ஆள்’ என்று சீட்டு எழுதி ஒட்டுவோம், ஒட்டாமல் விற்றால் முதலாளி கடைவாசலிலேயே நிற்க வைத்துக் கிழித்துவிடுவார். அந்த நம்பிக்கையில்தான், கூடாரத்தை விரிப்பதற்கு முன்பே, ஆளுக்கு இரண்டரை அடி என்று நல்ல பஞ்சில் இரண்டு மெல்லிய மெத்தை வெட்டி, ஓரம் தைத்து, சுருட்டி வைத்திருந்தேன். விரித்துப் பார்த்தால் உன் கூடாரத்தின் தரை நாலடி இரண்டு அங்குலம்! மெத்தை இரண்டும் சுவரில் ஏறிக்கொண்டு நிற்கின்றன. அந்த இரண்டு உருவத்தையும் வரைந்தவன் தன் வாழ்க்கையில் தோள் உள்ள மனிதனைப் பார்த்திருக்கிறானா? நீயாவது அளவைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? எடை இரண்டரைக் கிலோவுக்குள் இருக்க வேண்டும், கதவு இரண்டு பக்கமும் வேண்டும், மழைத்துணி தரைவரை தொங்க வேண்டும், தையலில் நீர் கசியக் கூடாது, விலையும் கையைக் கடிக்கக் கூடாது என்று அரைமணி நேரம் பாடம் எடுத்தாயே, அதில் அகலம் என்ற சொல் ஒரு முறையாவது வந்ததா?

அது போகட்டும். “புதுசா பழகறவங்களுக்கு இதுதான் அத்தான் சரி, முளையே அடிக்க வேண்டாம், தானா நிக்கும்” என்று சொன்னாயே, அதற்கு வருகிறேன். கூடத்தில் வைத்துப் பொருத்தினேன். கம்பியை வளைத்து ஓட்டையில் சொருகும்போது அது துள்ளிப்போய்ச் சுவர்க்கடிகாரத்தைத் தட்டிவிட்டது. சரி, நின்றது. நின்றதை வாசல் வழியாக வெளியே கொண்டுபோக முடியவில்லை. பிரித்து, மாடிக்குத் தூக்கிப்போய், மறுபடியும் பொருத்தி, தானாக நிற்கும் பொருளாயிற்றே என்று தண்ணீர் குடிக்கத் திரும்பினேன். அவ்வளவுதான், ஒரு காற்று. கீழ்த்தளத்தில் பல் வைத்தியர் இருக்கிறார் அல்லவா, அவருடைய ஜன்னல் பக்கமாக அது இறங்கியிருக்கிறது. நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தவர், வெளியே ஆரஞ்சு நிறத்தில் ஏதோ பெரிதாக வருவதைப் பார்த்துப் பயந்து வாயை மூட, நடுவில் வைத்தியரின் விரல். நான் படியில் தடுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு ஓடினேன். மன்னிப்புக் கேட்கப் போன என்னிடம் வைத்தியர் கட்டுப்போட்ட விரலைத்தான் காட்டினார். உனக்குப் போன் செய்தால் நீ என்ன சொன்னாய்? “நிக்கும்னுதான் சொன்னேன் அத்தான், பறக்காதுன்னு சொல்லலையே.” இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைக் கீழே போட்டிருப்பேன், என் போன் என்பதால் விட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் குறட்டையின் புகழ் உனக்குத் தெரியும். எட்டு வருஷமாக உன் அக்கா பின்னறையில் படுக்கிறாள், நான் முன்னறையில். சண்டை ஒன்றுமில்லை. ஒரு வாரத்துக்கென்று போனவள், அப்படியே இருந்துவிட்டாள். நானும் வாவென்று கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பாவம் தூங்க மாட்டாளே. நான் வேலையிலிருந்து நின்ற அன்று, என்ன வேண்டுமென்று கேட்டேன். “ரெண்டு நாள் மலையில நடக்கணும். கூடாரம் போட்டுப் படுக்கணும். நாம ரெண்டு பேர் மட்டும்” என்றாள். இத்தனை வருஷத்தில் அவளாக வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். நேற்று மத்தியானம் கூடத்தில் ஒத்திகை பார்த்தோம். தோளோடு தோள் இடிக்கிறது. நான் புரண்டால் அவளும் புரண்டாக வேண்டும். என் மூக்கு அவள் காதிலிருந்து நாலு விரற்கடை. அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், எனக்குத்தான் வியர்த்துவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. பொழுது விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவாள், இனிமேல் என்னிடம் எதையுமே கேட்க மாட்டாள். அப்படி நடந்தால் அதற்கு முழுப் பொறுப்பும் உன்னுடையதுதான்.

ஆகவே, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் நீ நேரில் வந்து இந்த ஒன்றரை ஆள் சமாசாரத்தை எடுத்துக்கொண்டுபோய், மூன்று பேர் படுக்கும் கூடாரமாக மாற்றிக் கொண்டுவர வேண்டும். கனத்தால் கனக்கட்டும், சுமப்பது என் முதுகு. வரவில்லையென்றால் இனி எனக்கு மைத்துனனே கிடையாது.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். உன்னை நான் விசாரிக்கவில்லை.

இப்படிக்கு,
மிகுந்த கோபத்துடன்,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் எழுத்துப்பிழை பார்க்க உன் அக்காவிடம் கொடுத்தேன். எப்போதும் சிவப்புப் பேனாவோடு உட்காருவாள், இன்று ஒரு பிழைகூடத் திருத்தவில்லை. கடைசியில், “அவன்மேல ஏன் பாயறீங்க? மூணு பேர் கூடாரத்தையும் அவன் காமிச்சான். விலையிலகூட பெரிய வித்தியாசமில்ல. நான்தான் சின்னது போதும்னேன்” என்றாள். ஏன் என்று கேட்டேன். “பெரிய இடத்துலதான் எட்டு வருஷமாப் படுத்திருக்கோமே” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனமில்லை, எழுதியவரைக்கும் கோபம் நிஜம்தான், அதனால் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வராதே. நாங்கள் வெள்ளிக்கிழமையே கிளம்புகிறோம்.